மூன்றாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவு

கேள்வி: தொடக்கப் பள்ளியில் செயற்கை நுண்ணறிவை எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் பாடத் தயாரிப்பிலிருந்து தொடங்குங்கள். சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலியின் விதிகளே 13 வயதுக்குக் குறைந்தோர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. ஆகவே மாணவர் கையில் அதைத் தர வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகள் சேர்ந்து அமர்ந்திருப்பதால், தாமிரபரணியைப் பற்றிய ஒரே பத்தியை மூன்று நிலைகளுக்கும் ஏற்ற எளிய வாக்கியங்களில் எழுதித் தருமாறு சாட்ஜிபிடியிடம் கேட்டுப் பாருங்கள். பொதிகையில் பிறக்கும் ஆறு புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது என்பதைக்கூட அது தயங்காமல் மாற்றி எழுதக்கூடும் என்பதால், ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த பின்னரே அச்சிடுங்கள். பிள்ளைகளின் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் ஒருபோதும் உள்ளிடாதீர்கள். காணொளி மட்டும் போதுமென்றால், பாடநூலில் உள்ள கியூஆர் குறியீடே போதுமே!