பிரேக் ஷூ மாத்தியும் ஹேண்ட்பிரேக் பிடிக்கலையா? கேபிளை முறுக்காதீங்க

வணக்கம் அண்ணே. பின் சக்கர பிரேக் ஷூ புதுசு, ஆனா ஹேண்ட்பிரேக் லிவர் 12 கிளிக் ஏறியும் மாடி கார்பார்க் சரிவில வேன் நகருது, கேபிள் நட்டை முறுக்கினதும் இடது டிரம் (சக்கரத்தோட சேர்ந்து சுத்துற பிரேக் உருளை) சூடாகுதுன்னு எழுதியிருக்கீங்க. கோளாறு கேபிள்ல இல்ல. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில இருக்கிற இடைவெளியிலதான். கேபிளை இறுக்கினா டிரம்முக்குள்ளே இருக்கிற சின்ன லிவர் பாதி இழுத்தபடியே நிக்கும், ஷூ முழுசா பின்வாங்காது, அந்த இடைவெளியைத் தானா சரிசெய்யுற அட்ஜஸ்டரும் வேலை செய்யாது.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வச்சு, பின்பக்கத்தை ஸ்டாண்டில ஏத்தி, கேபிள் நட்டை முழுசா தளர்த்துங்க. டிரம்மைக் கழற்றினதும் வீல் சிலிண்டரோட (பெடலை மிதிச்சா ஷூவைத் தள்ளுற சின்ன உருளை) ரப்பர் உறையை லேசா தூக்கிப் பாருங்க. உள்ளே ஈரம் இருந்தா சிலிண்டரை மாத்தணும். எண்ணெய் ஊறின ஷூவையும் மாத்தணும், கழுவிப் போடுறது வீண். தூசியை ஊதாதீங்க, பழைய ஷூ மேல ஒட்டியிருக்கிற லைனிங்ல உடம்புக்குக் கெடுதலான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைங்க.

எனக்குப் பெரிய சந்தேகம் அட்ஜஸ்டர் மேலதான். பல வேன்கள்ல இடது, வலது அட்ஜஸ்டரோட திருகு மரை எதிரெதிர். இடம் மாத்திப் போட்டா, இறுகுறதுக்குப் பதிலா தளர்ந்துகிட்டே போகும்.

டிரம்மை மாட்டி, டிரம்முக்குப் பின்னாடி இருக்கிற தட்டு ஓட்டை வழியா அட்ஜஸ்டரோட பல்சக்கரத்தைத் திருப்பி, சக்கரம் சுத்தாம இறுகினதும், லேசா உரசுற அளவுக்குத் தளர்த்துங்க. பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு மறுபடி பாருங்க. கேபிள் கடைசியில்தான்: கிளிக் எண்ணிக்கை உங்க வேன் மேனுவல்படி. ஹேண்ட்பிரேக் லிவரை இறக்கினா ரெண்டு பின் சக்கரமும் தடையில்லாமச் சுத்தணும். இதெல்லாம் முடிச்சிட்டு விக்காம் (சிங்கப்பூர் வாகனப் பரிசோதனை நிலையம்) பரிசோதனைக்குப் போங்க.