கம்பிவலை அலுமாரியும் மோர் மிளகாயும்: கச்சான் காற்று ஓய்வதற்குள் முடிக்கவேண்டிய வேலை

கேள்வி: அம்மம்மா காலத்துக் கம்பிவலை அலுமாரி ஒன்று கோடிப்பக்கம் சும்மா கிடக்கிறது. தேக்கு என்கிறார்கள். ஒரு காலைக் கறையான் தின்றுவிட்டது. கதவுச் சட்டம் ஆடுகிறது. சின்னச் சின்ன ஓட்டைகளிலிருந்து மா போலக் கொட்டுகிறது. மண்ணெண்ணெய் பூசி, வார்னிஷ் அடித்து, அதற்குள் தேசிக்காய் ஊறுகாயும் மோர் மிளகாயும் வைக்கலாமா? போன மாரியில் போட்ட மோர் மிளகாய் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிட்டது.
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: அலுமாரி தேறும். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். அது ஓட்டையின் வாயோடு நின்றுவிடும், மரத்தின் உள்ளே இருக்கும் புழுவைத் தொடாது. மணமோ மாதக்கணக்கில் போகாது. எண்ணெய்ப் பசையுள்ள எந்தச் சாப்பாடும் அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும். அடுப்படியில் நெருப்புப் பயம் வேறு.

முதலில், கொட்டுவது எது என்று பாருங்கள். அலுமாரிக்குக் கீழே கறுப்புச் சீலை ஒன்றை விரித்து 10 நாள் விடுங்கள். பவுடர் போல மென்மையான தூள் விழுந்தால் துளைவண்டு. கசகசா போல உருண்டையாக விழுந்தால் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கறையான். ஒன்றுமே விழாவிட்டால் அது பெரும்பாலும் பழைய சேதம், இப்போதைக்கு மருந்து தேவையில்லை. வண்டு பெரும்பாலும் மரத்தின் வெளிறிய ஓரப்பகுதியைத்தான் தின்னும். வைரம் பாய்ந்த தேக்கில் அதற்கு வேலை இல்லை. திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே புதைகிற பலகைக்கு மருந்தடித்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

அடுப்புப் புகையும் எண்ணெயும் படிந்த கறைக்கு 1 லீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். சீலையை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். அலுமாரி மேல் தண்ணீரை ஊற்றவேண்டாம். சலவைச் சோடாவும் கூடாது, தேக்கு கறுத்துப்போகும். 2 நாள் நிழலில் காய்ந்த பிறகு 80ஆம் இலக்க சாண்ட் பேப்பர், பிறகு 120, கடைசியாக 180. மரத்தின் ஓட்டத்தோடு மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் இப்போது தெரியாது, பொலிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். பழைய பெயின்ட் அடித்திருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கழிவைக் கடதாசியில் சுற்றி எறியுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்.

ஆடுகிற சட்டத்துக்கு ஆணி அடிப்பதுதான் பலரும் செய்யும் பிழை. பழைய வேலையில் துளையும் நாக்குமாகப் பொருத்தி மரஆணி இறுக்கியிருப்பார்கள். இரும்பாணி அந்த நாக்கைப் பிளக்கும். உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தேக்கில் கறுப்புக் கறையும் விடும். மரஆணியைப் பின்பக்கமிருந்து தட்டி எடுத்து, சட்டத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, நாக்கின் நான்கு பக்கமும் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையைப் பூசிச் செருகுங்கள். இறுக்க விலைகூடிய கருவி தேவையில்லை. சட்டத்தைச் சுற்றி நைலோன் கயிற்றை இரண்டு சுற்றுக் கட்டி, நடுவில் ஒரு தடியைச் செருகி முறுக்கினால் மூட்டு இறுகும். மூலைகளில் கயிறு பதியாமல் மட்டைத்துண்டு வையுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் நூல் பிடித்து அளந்து, சமமாக இருந்தால் 24 மணிநேரம் அப்படியே விடுங்கள். சமமில்லாமல் காயவிட்டால் கதவு பிறகு ஒருநாளும் பூட்டாது.

கறையான் தின்ற காலுக்கு எளிய வழி, நான்கு கால்களையும் ஒரே அளவில், நல்ல மரம் தெரியும்வரை அறுத்துவிடுவது. 2 அங்குலம் போனால் அலுமாரிக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போயிருந்தால் தச்சரிடம் சாய்வு ஒட்டுப் போடச் சொல்லுங்கள். சாய்வின் நீளம் காலின் கனத்தைப்போல 4 மடங்காவது இருக்கவேண்டும். திருகாணி பித்தளையாக இருக்கட்டும்.

இனி மருந்து. வெண்காரம் 60 கிராம், போரிக் அமிலத் தூள் 40 கிராம், 1 லீட்டர் சுடுதண்ணீர். சமையல் பாத்திரத்தில் கலக்கவேண்டாம், கையுறை போடுங்கள். சட்டம், கால்கள், பின்பலகை ஆகியவற்றில் தூரிகையால் பூசி, ஈரம் காயுமுன் இரண்டாம் முறை பூசுங்கள். ஓட்டைகளுக்குள் ஊசியால் செலுத்துங்கள். சாப்பாடு வைக்கும் தட்டுப் பலகைகளில் மட்டும் பூசக் கூடாது. அவை துளைபட்டிருந்தால் புதுப் பலகை போடுங்கள். வெறும் மரத்தில்தான் இந்த மருந்து இறங்கும், பொலிஷுக்கு மேல் அடித்தால் வழிந்துபோகும். ஒரு கிழமை காயவிட்டு, மேலே பூத்திருக்கும் வெள்ளைப் படிகத்தைத் துடையுங்கள். ஆழத்தில் இருக்கும் புழு சில பிழைத்து அடுத்த வருடமும் கொஞ்சம் தூள் கொட்டலாம். அதற்காகப் பயந்து அலுமாரியை விறகாக்கிவிடவேண்டாம்.

வெளிப்பக்கம் வார்னிஷ் அடிப்பது உங்கள் விருப்பம். உள்ளே அரக்குப் பொலிஷ்தான் சரி. 1 லீட்டர் ஸ்பிரிட்டில் 120 கிராம் அரக்குச் செதிலை ஓர் இரவு ஊறவிட்டு, மெல்லிய சீலையில் வடித்து, பஞ்சுப் பொட்டலத்தால் 3 பூச்சு. இதற்கு வெயில் காலம் முக்கியம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கே படிந்து பொலிஷ் பால் போல வெளுத்துப்போகும். கச்சான் வீசும் ஆடி, ஆவணியில் காலை 10 மணிக்குப் பிறகு பூசுங்கள். ஐப்பசி வந்தால் விட்டுவிடுங்கள். தேங்காயெண்ணெய் பூசச் சொல்வார்கள். அது ஒருநாளும் காயாது, தூசி ஒட்டும், பழுதான எண்ணெய் மணமும் அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் பாவித்தால், துடைத்த சீலையைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துவிடுங்கள்.

மணம் போய்விட்டதா என்று அறிய, ஒரு துண்டு பட்டரைத் திறந்த தட்டில் உள்ளே வைத்து, இரவு முழுக்கக் கதவைச் சாத்துங்கள். காலையில் அந்தப் பட்டரில் ஸ்பிரிட் மணம் வந்தால் இன்னும் ஒரு கிழமை கதவைத் திறந்து வையுங்கள்.

அலுமாரி காய்கிற அதே வெயிலில் மோர் மிளகாயையும் முடித்துவிடலாம். போன வருடம் பூஞ்சணம் பிடித்ததற்கு மாரியில் போட்டது ஒரு காரணம். தயிர் இன்னொரு காரணமாக இருக்கலாம். நம் பக்கத்து எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம். கடையாமல் கரைத்தால் அந்தக் கொழுப்பு கொச்சிக்காயின் தோலில் படிந்து ஈரத்தை வெளியே விடாது, பிறகு பழுதான எண்ணெய் மணமும் அடிக்கும். 500 மில்லிலீட்டர் புளித்த தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்துவிட்டு, 250 மில்லிலீட்டர் தண்ணீரும் 60 கிராம் உப்பும் சேருங்கள். 500 கிராம் பச்சைக் கொச்சிக்காயைக் காம்போடு கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் நுனிப்பக்கம் அரை அங்குலம் கீறிப் போடுங்கள். இரவு மோரில், பகல் பாயில். 3, 4 நாளில் மோர் முழுக்க ஏறிவிடும். அதன் பிறகு வெயில் மட்டும். ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும், காம்பு வளையாமல் முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். பாயிலிருந்து எடுத்ததும் சூடாகப் போத்தலில் அடைக்கவேண்டாம், மூடியில் வியர்க்கும்.

மோர் மிளகாயை அலுமாரிக்குள் சும்மா தட்டில் வைக்காதீர்கள். கம்பிவலை காற்றைப் போலவே மாரி ஈரத்தையும் உள்ளே விடும். இறுக மூடிய போத்தலிலேயே இருக்கட்டும். ஊறுகாய்க்கு 1 கிலோ தேசிக்காய்க்கு 200 கிராம் உப்பு, கண்ணாடிப் போத்தல். காய்கள் சாற்றுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், வெளியே நீட்டும் காயில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். பச்சையோ கறுப்போ படர்ந்தால் மேலோடு அள்ளிவிட்டுச் சாப்பிடாமல் முழுவதையும் கொட்டுங்கள். போத்தலுக்கு அடியில் ஒரு பீங்கான் தட்டு வையுங்கள். உப்புச்சாறு வழிந்தால் அரக்கில் வெள்ளை வளையம் விழும்.

கடைசியாக, எறும்பு ஏறாமல் அலுமாரிக் கால்களுக்கு அடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம். அலுமாரிக் காலை நேரே தண்ணீரில் வைத்தால் மரம் ஈரத்தை உறிஞ்சும். கிண்ணத்துக்குள் ஒரு கல்லை வைத்து அதன்மேல் காலை நிறுத்துங்கள். தண்ணீருக்கு உப்புப் போட்டால் நுளம்பு வராது என்று நம்பவேண்டாம், டெங்கு நுளம்பின் குடம்பிகள் உவர்நீரிலும் வளர்கின்றன. பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஊற்றுங்கள். தண்ணீர்தான் என்றால் 5 நாளுக்கு ஒருமுறை கொட்டி, கிண்ணத்தின் உட்சுவரை உரசிக் கழுவுங்கள். நுளம்பு முட்டை அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கும்.