மீட்டர் ரீடிங் எகிறினால் முதலில் செய்ய வேண்டியது

தண்ணீர் மீட்டர் இரண்டு மாதத்தில் 58 கிலோலிட்டர் (58,000 லிட்டர்) காட்டுகிறது, மீட்டரைக் கழற்றிவிடலாம் என்கிறார் பிளம்பர் என்று கேட்டிருந்தீர்கள். நாலு பேர் வீட்டுக்கு அது நிச்சயம் அதிகம்தான், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்கில் பார்த்தாலே 32, 33 கிலோலிட்டருக்குள் வர வேண்டும். ஆனால் பிளம்பர் சொல்கிறார் என்று மீட்டரைக் கழற்றிவிடாதீர்கள், தயவுசெய்து. சீல் உடைந்தால் அபராதம் உங்கள் தலையில் விழலாம், அதோடு மீட்டர் தப்பு என்று காட்டவும் வழியில்லாமல் போகும்.

அடுத்த முறை தண்ணீர் வரும்போது சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டிக்கு) போகும் வால்வை முழுக்க மூடுங்கள். மீட்டர் முகப்பில் குட்டியாக ஒரு நட்சத்திரச் சக்கரம் இருக்கும். அது அப்போதும் சுற்றினால் மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவே குழாய் கசிகிறது, அதைச் சரிசெய்வது பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பு. சுற்றவில்லையா, சரி, வால்வைத் திறந்து சம்ப்பில் எவ்வளவு ஏறியது என்று அளந்து பாருங்கள்: நீளம், அகலம், ஏறிய உயரம் மூன்றையும் டேப்பால் மீட்டர் கணக்கில் அளந்து பெருக்கி, வருவதை 1000ஆல் பெருக்கினால் லிட்டர். அதே நேரத்தில் தண்ணீர் மீட்டரில் எவ்வளவு கூடியது என்பதோடு ஒப்பிடுங்கள், கிலோலிட்டருக்குக் கீழான அளவைக் காட்டும் சிவப்பு எண்களையும் சேர்த்து. விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில் குழாயில் முதலில் வரும் காற்றும் சக்கரத்தைச் சுழற்றும், அதனால் தொடக்கத்திலிருந்தே மீட்டரைப் போட்டோ எடுங்கள்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்தப் போட்டோக்களோடு மீட்டரைச் சோதிக்கச் சொல்லி தண்ணீர் பில் தரும் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.