சிறப்புப் பயிற்றுநர் ஏன் தினமும் வருவதில்லை? வடசென்னைப் பெற்றோருக்குப் பதில்கள்

கொருக்குப்பேட்டை வாசகி: மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு. சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார். யாரிடம் முறையிடுவது, அம்மா?

பதில்: அவர்மீது கோபம் கொள்ளாதீர்கள். அவர் உங்கள் பள்ளியின் ஆசிரியர் அல்லர். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொகுப்பூதியம் (நிரந்தரப் பணியின்றி மாதந்தோறும் ஒரே தொகையாகத் தரப்படும் ஊதியம்) பெற்று, வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்கும் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் செல்பவர். தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் வகுத்தது; பணியிடங்களை ஒப்பளித்து நிரப்புமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. நிரந்தரப் பணியிடம் என்றால் ஊதிய உயர்வு, ஓய்வுக்காலப் பயன் எனச் செலவு நீளும் என்பதால்தான் அரசுகள் தயங்குகின்றன. பயிற்றுநர் ஊதியம் நீங்கலாக, உதவிக் கருவி, போக்குவரத்து போன்றவற்றுக்குத் திட்ட விதிமுறை அனுமதிப்பது ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை, அதாவது மாதம் 300 ரூபாய்க்கும் குறைவு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பயிற்றுநரின் வருகை அட்டவணையைக் கேட்டு, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

இராயபுரம் வாசகர்: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாமல் பள்ளியில் சேர்க்க மறுக்கலாமா?

பதில்: மறுக்கக் கூடாது. அட்டை உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும் வேண்டும். சேர்க்கைக்கு அது நிபந்தனை அன்று.

திருவொற்றியூர் வாசகர்: மாநிலத்தைக் குறை சொல்கிறீர்களே, மத்திய அரசுதானே நிதியை நிறுத்தியது?

பதில்: நிறுத்தியது உண்மை. 60 விழுக்காடு மத்திய அரசு, 40 விழுக்காடு மாநிலம் என்ற பங்கீட்டில் நடக்கும் இந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பி.எம். ஸ்ரீ என்னும் மத்திய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை முன்னிட்டு 2024-25ஆம் ஆண்டுக்கான சுமார் 2,152 கோடி ரூபாய் அந்த ஆண்டில் விடுவிக்கப்படவில்லை. மாநிலம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. கொள்கைச் சண்டைக்குப் பிள்ளைகளின் பயிற்சியைப் பணயமாக்கியது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தொகுப்பூதிய முறை அந்தச் சண்டைக்குப் பல ஆண்டுகள் மூத்தது.

அதே வாசகர்: அப்படியானால் பணம் வந்தாலும் எதுவும் மாறாது என்கிறீர்களா?

பதில்: திட்டப் பணம் ஆண்டுதோறும் ஒப்புதல் பெற்று வருவது, அதை நம்பி ஒரு பயிற்றுநர் தம் பணிக்காலத்தைத் திட்டமிட இயலாது. நல்லவர்கள் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள், பிள்ளை மறுபடியும் புதிய முகத்துக்குப் பழக வேண்டியிருக்கிறது. சிறப்புப் பயிற்றுநர் பணியிடம் மாநிலத்தின் சொந்த வரவு செலவுத் திட்டத்துக்குள் வரும் வரை இப்படித்தான் இருக்கும். இதில் கட்சி பார்க்க நான் வரவில்லை.

வியாசர்பாடி வாசகி: அட்டை இல்லையென்றால் சேர்க்க மாட்டார்களாமே?

பதில்: இராயபுரம் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

எண்ணூர் வாசகி: என் மகளுக்குப் பெருமூளை வாதம். வீட்டிலேயே பயிற்சி தருவதாகக் கூறிக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பல்வகை அல்லது கடும் குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. தேர்ந்தெடுப்பது உங்கள் தரப்பே அன்றிப் பள்ளி அன்று. சாய்தளம் கட்டுவதையும் துணையாள் படி கொடுப்பதையும்விட வீட்டுக்கு ஒருவரை அனுப்புவது செலவு குறைந்தது என்பதை மறவாதீர்கள். நான் பார்த்த ஒரு பயிற்சி அறையில், நடைப்பயிற்சிக்கான இணைகம்பிகள் சுவரோரம் தள்ளப்பட்டு, அவற்றின்மீது பாடநூல் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அங்கே வந்த சிறுவனின் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) முழங்காலுக்குக் கீழே தோலை அறுத்துக்கொண்டிருந்தது, அவன் வளர்ந்துவிட்டான், மாற்றுக் கருவி வரவில்லை. போக்குவரத்துப் படியும் துணையாள் படியும் கேட்டு முதலில் மனுக் கொடுங்கள். ஒப்புகை வாங்குங்கள்.

மணலி வாசகர்: நல்ல தனியார் சிறப்புப் பள்ளி ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: அது என் துறை அன்று, பெயர் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்டையார்பேட்டை வாசகர்: பத்தாம் வகுப்புத் தேர்வில் என் மகனுக்குச் சொல்வதை எழுதுபவர் கிடைப்பாரா? அட்டையும் இன்னும் வரவில்லை.

பதில்: கிடைப்பார், கூடுதல் நேரத்தையும் மொழிப்பாட விலக்கையும் சேர்த்தே கேளுங்கள். மருத்துவச் சான்றிதழின் நகலுடன் விண்ணப்பத்தைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் கொடுங்கள். மூலச் சான்றிதழைக் கைவிட்டுவிடாதீர்கள். ஒப்புகை பற்றி மூன்றாவது முறையாக எழுத வைக்கிறீர்கள்: வாங்குங்கள். அட்டையைப் பற்றி இனி வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதப் போவதில்லை.