பினாங்கு நாசி கண்டார் கடையில் 'பாஞ்சிர்' என்றால் என்ன?

மலாய் மொழியில் பாஞ்சிர் என்றால் வெள்ளம். நாசி கண்டார் என்பது மலேசியாவின் பினாங்கில் கிடைக்கும், சோற்றோடு குழம்புகள் ஊற்றித் தரும் சாப்பாடு. அந்தக் கடையில் இந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். கோழி, மீன், மாடு, கணவாய் என்று இருக்கிற குழம்புகளில் ஒவ்வொரு கரண்டி எடுத்து, சோறு மூழ்கும் அளவுக்கு ஊற்றிவிடுவார்கள்.

ஏன் இப்படிக் கலக்க வேண்டும்? ஒன்றில் புளிப்பு, ஒன்றில் காரம், இன்னொன்றில் கறியின் கொழுப்பு. சேர்ந்தால்தான் அந்த ருசி. நம் வீட்டில் மீந்த குழம்புகளை ஒரே சட்டியில் ஊற்றிச் சுண்டவைப்போமே, கிட்டத்தட்ட அதுதான். முதல் தடவை பார்க்கக் கொஞ்சம் அலங்கோலமாகத்தான் இருக்கும். வாயில் வைத்த பிறகு பேசுங்கள்.

தட்டில் வைத்ததைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். இறாலும் கணவாயும் பில்லை ஏற்றிவிடும், கவனம்.

அப்புறம், கண்டார் என்பது ஏதோ ஒரு குழம்பின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அதன் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள்.