தறி, அரிசி, விளக்கு: உங்கள் ஆன்லைன் கடைக்கு எந்தத் தளம்?

தீபாவளி நெருங்கும்போது எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒன்றேதான்: "எந்தத் தளத்தில் கடை போடலாம்?" யார் கேட்டாலும், "நேற்று வந்த ஒரு ஆர்டரை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்" என்றுதான் முதலில் கேட்பேன். போனை யார் எடுத்தார், சரக்கு இருக்கிறதா என்று யார் எழுந்துபோய்ப் பார்த்தார், பணம் எப்படி வந்தது, பார்சலை யார் கட்டினார், எந்த வண்டியில் போனது? அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி பதில் கிடைத்துவிடும். இந்த முறை வந்தவற்றில் ஐந்து கேள்விகள் இங்கே.

"எங்களிடம் இருப்பது பட்டுச்சேலை. ஒவ்வொன்றும் ஒரே பீஸ். கடையிலும் விற்கிறோம், வாட்ஸ்அப்பிலும் படம் போடுகிறோம். போன மாதம் ஒரே சேலைக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்கிவிட்டோம். வெப்சைட் வைத்தால் இது தீருமா அண்ணா?" (நெசவுக் குடும்பம், திருபுவனம்)

வெப்சைட் வைப்பதால் மட்டும் தீராதும்மா. இப்போது இரண்டு இடத்தில் விற்கிறீர்கள், அப்புறம் மூன்று இடமாகிவிடும். கடைக் கவுண்டரும் வெப்சைட்டும் ஒரே ஸ்டாக் கணக்கிலிருந்து கழிக்கும் தளமாகப் பார்த்து எடுங்கள். மாதச் சந்தா கட்டிக் கடை நடத்தும் தளமான ஷாப்பிஃபையில் கவுண்டருக்கென்று தனிச் செயலி இருக்கிறது. அங்கே பில் போட்டால் வெப்சைட்டில் அந்தச் சேலை தானாக "விற்றுவிட்டது" ஆகிவிடும்.

ஆனால் தளத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தறியிலிருந்து இறங்கியதும் சேலைக்கு ஒரு எண் கொடுங்கள். விசிறி மடிப்பு மடிக்கும்போதே அந்த எண் எழுதிய சின்ன அட்டையை உள்ளே செருகிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போடும் படத்திலும் அதே எண் தெரியட்டும். வாட்ஸ்அப்பில் யாராவது பணம் அனுப்பினால், அடுத்த நிமிடமே கவுண்டர் செயலியில் அந்த எண்ணுக்குப் பில் போட்டுவிட வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வராவிட்டால் எந்தத் தளமும் உங்களைக் காப்பாற்றாது.

ஸ்டாக் எண்ணிக்கையை 1 என்று வையுங்கள். "ஸ்டாக் தீர்ந்தாலும் விற்பனையைத் தொடரவும்" என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளை எடுப்பதாக இருந்தால் அதில் "ஹோல்ட் ஸ்டாக்" என்று ஓர் அமைப்பு உண்டு. ஆர்டர் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் நிற்பவருக்காகச் சரக்கை எத்தனை நிமிடம் பிடித்து வைப்பது என்பதை அது தீர்மானிக்கும். சாதாரணமாக 60 நிமிடம் என்று இருக்கும். ஒரே பீஸ் சேலைக்கு, அதுவும் தீபாவளி சமயத்தில், ஒரு மணி நேரம் ரொம்ப அதிகம். 15 போதும்.

செலவையும் பார்த்துவிடுவோம். 12,000 ரூபாய்ச் சேலை விற்கிறது என்று வையுங்கள். ஆன்லைனில் பணம் வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே 2 சதவீதம் எடுத்தால் 240 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 43 ரூபாய் 20 காசு. ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் வசதி இந்தியாவில் கிடையாது. அதனால் வெளி கேட்வே வழியாகப் பணம் வாங்குவதற்கென்று "பேசிக்" திட்டத்தில் இன்னொரு 2 சதவீதம், அதாவது மேலும் 240 ரூபாய் போகும். ஒரு சேலைக்கு 523 ரூபாய்க்கு மேல், மாதச் சந்தா தனி. வெப்சைட் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸோடு சேர்ந்து ஓடும் வூகாமர்ஸில் இந்த இரண்டாவது 2 சதவீதம் இல்லை, மென்பொருளும் இலவசம். ஆனால் ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்), பேக்கப், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில். இரவு பத்து மணிக்குத் தளம் நின்றுபோனால் நீங்கள்தான் ஆள் தேட வேண்டும். உங்கள் வீட்டில் கவுண்டர் வியாபாரம்தான் பெரிது. அதனால் எனக்குக் கேட்டால் அந்த 240 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பேன்.

இன்னொன்று. படத்தை ட்யூப்லைட்டில் எடுக்காதீர்கள். காலையில் திண்ணை நிழலில் முந்தியை விரித்து எடுங்கள். "படத்தில் அரக்கு, கையில் வந்தது மெரூன்" என்று திரும்பி வரும் சேலைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

"மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லி அரிசி விற்கிறேன். 1, 5, 25 கிலோ பைகள். சென்னை, பெங்களூர் வாடிக்கையாளர்கள் அதிகம். எல்லோரையும் போல 'இலவச டெலிவரி' போடலாமா?" (விவசாயி, திருத்துறைப்பூண்டி)

போடாதீர்கள் ஐயா. சேலைக்கு அது சரிப்படும். 12,000 ரூபாயில் கூரியர் செலவு கரைந்துவிடும். அரிசியில் எடைதான் எல்லாம். எடையையும் பின்கோடையும் வைத்துக் கட்டணம் போடத் தெரிந்த தளம்தான் உங்களுக்கு வேண்டும். ஷாப்பிஃபையில் எடை வரம்பு வாரியாகக் கட்டணம் வைக்கலாம். வூகாமர்ஸில் சாதாரணமாக வருவது ஒரே கட்டணம், இலவசம், நேரில் எடுத்துக்கொள்வது என்ற மூன்றுதான். எடைவாரிக் கட்டணத்துக்குத் தனி ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) சேர்க்க வேண்டும்.

பொருளின் எடை என்று கேட்கும் இடத்தில் 5 என்று போடாதீர்கள். பை, அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்துப் பார்த்துப் போடுங்கள். கூரியர்காரர் தராசு அரிசியை மட்டும் நிறுக்காது. அதோடு அவலும் பொரியும் சேர்த்து அனுப்பினால் பெட்டியின் கன அளவையும் பார்க்க வேண்டும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பொதுவான கணக்கு. 40க்கு 30க்கு 30 பெட்டி என்றால் 36,000. வகுத்தால் 7.2 கிலோ. உள்ளே இருப்பது இரண்டு கிலோ பொரிதான் என்றாலும் பில் 7.2 கிலோவுக்குத்தான் வரும்.

25 கிலோ மூட்டையைக் கூரியரில் அனுப்புவதையே விட்டுவிடலாம். சென்னைக்காரர்களுக்கு லாரி பார்சல் சர்வீஸ்தான் கட்டுப்படியாகும். "நேரில் எடுத்துக்கொள்வது" என்ற வசதியின் பெயரை "பார்சல் ஆபீஸில் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று மாற்றி வைத்துவிடுங்கள். அதற்கு வேறு ப்ளகின் எதுவும் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். குதிரில் 400 கிலோ கவுனி இருக்கிறது. 1 கிலோ, 5 கிலோ, 25 கிலோ மூன்றும் அதிலிருந்துதான் போகின்றன. தளத்துக்கு அது தெரியாது. பெரும்பாலான தளங்கள் மூன்றையும் தனித்தனிச் சரக்காகவே எண்ணும். 25 கிலோவில் பதினாறு மூட்டை விற்றுக் குதிர் காலியான பிறகும் 1 கிலோ பாக்கெட்டுக்கு ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். இதற்கும் ப்ளகின்கள் உண்டு, ஆனால் எளிய வழி வேறு. கட்டிவைத்த பாக்கெட்டை மட்டும் தளத்தில் ஏற்றுங்கள். குதிரில் இருப்பதை ஏற்றாதீர்கள். பாலிஷ் போடாத அரிசியில் வண்டு சீக்கிரம் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கட்டி, எண்ணி, ஏற்றுங்கள்.

பெங்களூருக்கு அனுப்புவது பற்றி: பாக்கெட்டில் கட்டி லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், வியாபாரம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். பெங்களூர் பின்கோடுகளைத் திறப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

"வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறேன். ஜி.எஸ்.டி. எண் இல்லை. அமேசான், ஃப்ளிப்கார்ட் மாதிரி பெரிய மார்க்கெட்பிளேஸ்களில் சேர முடியாதா?" (பாபநாசம்)

சட்டப்படி முடியும். 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் ஜி.எஸ்.டி. பதிவில்லாமலே, பான் எண்ணை வைத்து ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு பதிவெண் வாங்கிக்கொண்டு மார்க்கெட்பிளேஸில் விற்கலாம். தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான். உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் எப்படியும் வேண்டும், லேபிளிலும் இருக்க வேண்டும்.

"நாச்சியார்கோவிலில் பட்டறை வைத்திருக்கிறோம். ஒரு அடி விளக்கிலிருந்து ஆறு அடி வரை வார்க்கிறோம். எல்லாவற்றையும் தளத்தில் போடலாமா?"

சின்ன விளக்குகளைப் போடுங்கள். பெரியவற்றுக்கு "வாங்கு" பொத்தான் வேண்டாம். ஆறு அடி அன்ன விளக்குக்கு யாரும் கார்டைத் தட்டிவிட்டுப் போவதில்லை. எடை கேட்பார்கள், கோயில் திருப்பணிக் குழுவில் பேச வேண்டும் என்பார்கள், உபயதாரர் பெயர் பொறிக்கச் சொல்வார்கள். பித்தளை விலையும் நிலையாக நிற்பதில்லை. அவற்றுக்குப் படம், உயரம், உத்தேச எடை, எத்தனை வாரத்தில் கிடைக்கும் என்ற விவரம், ஒரு வாட்ஸ்அப் பொத்தான் போதும். பேசி முடித்ததும் ரேஸர்பே போன்றவற்றில் முன்பணத்துக்கு மட்டும் ஒரு பேமென்ட் லிங்க் அனுப்புங்கள்.

சின்ன விளக்குகளுக்குத் தளம் எடுக்கும்போது, எல்லா விலையையும் ஒரே எக்செல் தாளில் மாற்றி ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். பித்தளை விலை ஏறும் அன்று நாற்பது பொருளை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற யாருக்கும் நேரம் இருக்காது. அப்புறம் பாதம், தண்டு, தட்டு, அன்னம் நான்கையும் கழற்றி வைத்து ஒரு படமும், மறை திருகிப் பூட்டுவதை அரை நிமிட வீடியோவாகவும் போடுங்கள். "உடைந்து வந்திருக்கிறது" என்று வரும் போன்களில் பாதி, பூட்டத் தெரியாமல் வருபவை.

"மன்னார்குடியில் காட்டன் நைட்டி தைத்து விற்கிறேன். கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தால் பத்தில் மூன்று திரும்பி வருகிறது. நிறுத்தினால் ஆர்டரே குறைகிறது. அதோடு, தெரிந்த பையன் ஒருவர் வெப்சைட் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?"

திரும்பி வருகிற பார்சலுக்குப் போன கூலியும் வந்த கூலியும் உங்களுடையது. ஆனால் முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை, ஊர் பார்த்துக் கொடுங்கள். வூகாமர்ஸில் பின்கோடு வாரியாக ஷிப்பிங் ஜோன் (டெலிவரிப் பகுதி) போடலாம். கேஷ் ஆன் டெலிவரியைக் குறிப்பிட்ட ஷிப்பிங் முறைக்கு மட்டும் திறக்கவும் முடியும். மயிலாடுதுறையின் 609-லிருந்து உங்கள் 614 வரை தொடங்கும் பின்கோடுகளை ஒரு ஜோனாக்கி அங்கே மட்டும் திறந்து பாருங்கள். வெளியூர்க்காரர்கள் கூரியர் கட்டணத்தை மட்டும் முதலில் யுபிஐ-யில் அனுப்பட்டும். உண்மையாக வாங்குகிறவர் அறுபது, எழுபது ரூபாய்க்குத் தயங்கமாட்டார்.

வெப்சைட் வேலையைத் தாராளமாகக் கொடுங்கள், தெரிந்த பையன் என்பதில் தவறில்லை. ஆனால் டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில், உங்கள் பணத்தில் வாங்கப்பட வேண்டும். என் அக்கா முறுக்கு வியாபாரம் தொடங்கியபோது ஒருவர் எல்லாவற்றையும் தன் கணக்கிலேயே செய்து கொடுத்தார். மூன்றாம் வருடம் அவர் வெளிநாடு போய்விட்டார், டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் அவருக்கே போயின. ஒரு நாள் காலையில் அக்கா தன் கடைப் பெயரை அடித்தால் வேறு எதுவோ திறந்தது. முறுக்கு டப்பா இரண்டாயிரத்தில் அந்த முகவரி அச்சாகியிருந்தது. அக்காவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம்.

அதனால் வேலை முடிந்து மீதிப் பணம் கொடுக்கும் நாளில், அந்தப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே உங்கள் போனில் டொமைன், ஹோஸ்டிங், கேட்வே மூன்றிலும் லாகின் செய்து பாருங்கள். கேட்வேயில் இருப்பது உங்கள் பான், உங்கள் வங்கிக் கணக்குதானா என்று பாருங்கள். ஆர்டர் பட்டியலை எக்செலில் இறக்குவது எப்படி என்று அவரிடமே கற்றுக்கொண்டு, மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள்.