புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் மாடி மட்டும் ஏன் பிரெஞ்சு மாதிரி?

இவற்றைப் பிராங்கோ-தமிழ் வீடுகள் என்பார்கள். வைசியாள் வீதியில் இன்றும் பார்க்கலாம். கீழே திண்ணை, முற்றம், மரத்தூண். மேலே வளைவு ஜன்னல், காரைத்தூண்.

காரணம் சாதாரணமானதுதான். கீழ்த்தளத்தில் குடும்பமும் பூஜையும்; அங்கே பழக்கத்தை மாற்ற மனம் வராது. வியாபாரத்தில் காசு சேர்ந்து மாடி எழுப்பும்போது ஊரின் புது மோகம் ஏறிக்கொள்ளும். வேட்டிக்கு மேல் கோட்டு போடுவது போல! பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் 18ஆம் நூற்றாண்டு மாளிகையும் இப்படித்தான். அதன் மரத்தூண்களில் உள்ள செதுக்கு வேலையை நின்று பார்க்க வேண்டும். முகப்பை விட அதுதான் அழகு என்பேன்.

அப்புறம், இவை பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வீடுகள் அல்ல. அவர்கள் பகுதி, ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே, கடலோரம். இவை மேற்கே தமிழ்க் குடும்பங்கள் தங்களுக்காகக் கட்டியவை.